செத்த ஈடும் உயிருள்ள ஈடும்

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அப்பாவின் சர்டிபிகேட்டுகள், எங்கள் ஜாதகங்கள், தாத்தா காலத்துக் கிஸ்தி ரசீதுகள் எல்லாம் அதற்குள் அடக்கம். வீட்டுப் பத்திரம் மட்டும் அதில் கிடையாது. அது அடுத்த தெருவில் ஒரு பெரியவரின் இரும்புப் பெட்டியில் இருந்தது. 1948-ல் அக்காவின் கல்யாணத்துக்காக அப்பா அவரிடம் 1,500 ரூபாய் வாங்கி, வீட்டை அடமானம் வைத்திருந்தார். கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். நாங்கள் கட்டிய வீட்டை வைத்துக் கல்யாணத்தைப் பண்ணிப் பார்த்தவர்கள்.

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. அதாவது மாதம் 15 ரூபாய். ஆரம்பப் பள்ளி வாத்தியாரான அப்பா சம்பளம் வாங்கியதும் முதல் வேலையாக அந்தப் பதினைந்தைக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. "ஒரு மாதம் தவறியதில்லை" என்பார்.

அம்மாவுக்கு அந்தப் பெருமை போதவில்லை. பால் விற்ற காசிலிருந்து இரண்டு வருஷத்தில் 300 ரூபாய் சேர்த்தாள். கடுகு டப்பாவிலும் பருப்புப் பானையிலுமாக ஒளித்து வைத்திருந்த அந்தப் பணத்தை ஒரு நாள் எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தாள். "இதை அசலில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றாள். அப்பா போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"அசலை மொத்தமாகக் கொண்டு வாரும், வாத்தியாரே! பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தால் நான் எந்தக் கணக்கில் எழுதுவது?" என்று பெரியவர் சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அவர் பொல்லாதவர் அல்ல. கடன் கொடுத்தவன் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டாக வேண்டும் என்று சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, அவ்வளவுதான். அந்த 300 ரூபாய் மறுபடி டப்பாவுக்குப் போயிற்று. ஆனால் வீட்டில் 300 ரூபாய் இருக்கிறது என்ற செய்தி செலவுகளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது! மாட்டுக்கு வைத்தியம், கூரைக்கு ஓடு, அத்தை வீட்டுக்குச் சீர் என்று நான்கு மாதத்தில் டப்பா காலியாகிவிட்டது.

குடும்பம் நடத்துகிறவர்கள் சிக்கனமாக இருந்தால் கடன் அடைந்துவிடும் என்று எல்லாரும் சொல்கிறோம். அம்மாவை விடச் சிக்கனமான பெண்மணியை நான் இன்று வரை பார்த்ததில்லை. இருந்தும் கடன் அசையவில்லை. ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், எண்ணூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

*

அடமானத்துக்கு ஆங்கிலத்தில் 'மார்ட்கேஜ்' என்று பெயர். அது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். அதன் நேர்ப்பொருள் 'செத்த ஈடு' என்பது. சொல்லைக் கேட்டாலே கொஞ்சம் நடுங்குகிறது, அல்லவா?

இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி மன்னரின் ஆட்சியில், 1187-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒரு சட்ட நூல் எழுதப்பட்டது. அரசரின் தலைமை நீதி அதிகாரியாக இருந்த கிளான்வில் பெயரால் அது வழங்குகிறது. அந்த நூல் ஈடுகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. கடன் கொடுத்தவன் நிலத்தை வைத்துக்கொண்டு, அதில் வரும் விளைச்சலைக் கடனில் கழித்துக்கொண்டே வந்தால் அது உயிருள்ள ஈடு. ஏனென்றால் நிலம் தன்னைத்தானே மீட்டுக்கொண்டிருக்கிறது. விளைச்சலை அவன் அனுபவித்துக்கொண்டும் கடன் ஒரு காசு கூடக் குறையாமலும் இருந்தால் அது செத்த ஈடு. இந்த இரண்டாவது வகையை அரசரின் நீதிமன்றம் தடுக்கவில்லை. ஆனால் அதைப் பாவமான வட்டித் தொழிலாகவே கருதியது.

நம் ஊர்ப் போக்கியத்தை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. வட்டிக்குப் பதிலாக நிலத்தை அனுபவித்துக்கொள் என்று எழுதிக் கொடுத்த போக்கியத்தில், பத்து வருஷம் விளைந்தாலும் இருபது வருஷம் விளைந்தாலும் அசல் அசையாது. என் தகப்பனார் வீட்டிலேயே குடியிருந்தார். பெரியவருக்கு மாதம் 15 ரூபாய் கொடுத்தார். ஆனாலும் எங்கள் வீடு கிளான்வில் கணக்குப்படி செத்த ஈடுதான்.

பிற்காலத்தில் சட்டம் கடன்காரனுக்குக் கொஞ்சம் கருணை காட்டியது. முன்பெல்லாம் குறித்த நாளில் பணத்தைக் கட்டத் தவறினால் நிலம் போயே போய்விடும். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம், கெடு கடந்தாலும் கடனைத் தீர்த்து நிலத்தை மீட்டுக்கொள்ளும் உரிமையை நிலைநாட்டியது. அந்த மீட்புரிமைதான் 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் மூலம் நமக்கும் வந்து சேர்ந்தது. நல்ல உரிமைதான். ஆனால் மீட்பதற்கு முழுத் தொகையும் ஒரே கையில் வேண்டும். மாதச் சம்பளக்காரன் கையில் முழுத் தொகை என்றைக்கு இருந்தது?

*

வழி கண்டுபிடித்தவர்கள் சட்ட நிபுணர்கள் அல்ல. சத்திரத்தில் கூடிய தொழிலாளர்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 'கோல்டன் கிராஸ்' என்ற சாராயச் சத்திரம் இருந்தது. அதன் சொந்தக்காரர் ரிச்சர்டு கெட்லி. 1775-ல் அவருடைய சத்திரத்தில் ஒரு சங்கம் உருவாயிற்று. வீடு கட்டுவதற்கான சங்கங்களில் நமக்குத் தெரிந்தவரை அதுதான் முதலாவது. அக்காலத்தில் இவ்வகைச் சங்கங்கள் நடந்த விதம் எளிமையானது. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட தொகையைப் போடுவார்கள். ஒரு வீட்டுக்குப் போதுமான பணம் சேர்ந்ததும் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். பெயர் விழுந்தவருக்கு வீடு. வீடு கிடைத்தவர் "எனக்குக் கிடைத்துவிட்டது" என்று நழுவ முடியாது. கடைசி உறுப்பினருக்கும் வீடு கிடைக்கும் வரை மாதப் பணத்தைக் கட்டியே ஆகவேண்டும். எல்லாருக்கும் வீடு ஆனதும் சங்கம் கலைந்துவிடும். மாதா மாதம் கூடிய கூட்டத்தில் கெட்லியின் வியாபாரமும் நன்றாக நடந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்!

"இது நம் குலுக்குச் சீட்டு ஆயிற்றே!" என்று வாசகர்கள் சொல்வது காதில் விழுகிறது. ஆம், அதே தத்துவம்தான். இன்னும் கேளுங்கள். 1831 ஜனவரியில் அமெரிக்காவில் பிலடெல்பியாவை அடுத்த பிராங்க்போர்டு என்னும் ஊரில் இதே போன்ற சங்கம் ஒன்று தொடங்கிற்று. இங்கும் கூடியது ஒரு சத்திரத்தில்தான். இவர்கள் குலுக்கவில்லை. பணம் சேர்ந்ததும் ஏலம் விட்டார்கள். யார் அதிகப் பிரீமியம் தருவதாகச் சொன்னாரோ அவருக்குக் கடன். அசல் ஏலச் சீட்டு! அந்தச் சங்கத்தில் முதல் கடன் பெற்றவர் காம்லி ரிச் என்பவர். சீப்புச் செய்வதும் தெருவிளக்கு ஏற்றுவதும் அவர் தொழில். அவருக்குக் கிடைத்த கடன் 375 டாலர்.

தெருவிளக்கு ஏற்றுகிறவனை நம்பி எந்தப் பெரிய மனிதன் 375 டாலர் கொடுப்பான்? அவனைப் போன்ற நாற்பது பேர் சேர்ந்தால் கொடுப்பார்கள். அது ஒரு விஷயம். மற்றொரு விஷயம் இன்னும் முக்கியமானது. மாதந்தோறும் போடும் பணத்தில் வட்டியும் இருந்தது, அசலும் இருந்தது. ஒவ்வொரு மாதமும் கடன் கொஞ்சம் கரைந்தது. அறுநூறு வருஷத்துக்கு முன் கிளான்வில் நூல் சொன்ன உயிருள்ள ஈடு, சத்திரத்து மேஜையில் மறுபிறவி எடுத்துவிட்டது. அந்தக் காலத்தில் நிலத்தின் விளைச்சல் கடனைக் கழித்தது. இப்போது உழைப்பாளியின் மாதக் கூலி கழித்தது.

இச்சங்கங்களில் ஒரு குறை இருந்தது. நடுவில் சேர விரும்புகிறவர் பழைய பாக்கியெல்லாம் கட்டிச் சேர வேண்டும். அதனால் 1845-ஐ ஒட்டி, கலைந்து போகாத நிரந்தரச் சங்கங்கள் இங்கிலாந்தில் தோன்றின. யாரும் எப்போதும் சேரலாம். சேமிக்கிறவர் சேமிக்கலாம், கடன் வாங்குகிறவர் வாங்கலாம். சென்னையில் 'சாசுவத நிதி' என்று பெயர்ப் பலகை மாட்டிய ஸ்தாபனங்களை அறிந்தவர்கள், "பணம் சாசுவதம் என்று யார் சொன்னது?" என்று வேடிக்கை பேசுவதுண்டு. அந்தச் சாசுவதம் வேதாந்தச் சாசுவதம் அல்ல. கலைகிற சங்கத்துக்கு எதிர்ப்பதமாக ஆங்கிலத்தில் வைத்த 'பெர்மனென்ட்' என்ற சொல்லின் தமிழ்தான் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சென்னை மாகாணத்தில் நிதிகள் முளைத்தன. குமாஸ்தாக்களும் வக்கீல்களும் மாதம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று கட்டிச் சேமிக்கவும், கொடுவட்டிக் கடன்களிலிருந்து மீளவும் அவை ஏற்பட்டன. 1872-ல் மயிலாப்பூரில் தொடங்கிய நிதி அவற்றுள் பெயர் பெற்றது.

*

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். கடனை ஒரே அடியாக அடைப்பதற்கென்று வருஷக்கணக்கில் பணம் சேர்க்கிறவன், அந்தப் பணத்தை எங்கேயாவது வைக்க வேண்டுமே! கடுகு டப்பாவில் வைத்தால் செலவு தின்றுவிடுகிறது. வேறு எங்கே வைப்பது?

நூறு வருஷத்துக்கு முந்திய சென்னைவாசியைக் கேட்டிருந்தால், "ஆர்பத்நாட் கம்பெனியில் போடு, மலை போல நிற்கும்" என்று சொல்லியிருப்பான். அந்த மலை 1906 அக்டோபர் 22-ஆம் தேதி சரிந்தது. கடற்கரையோரத்து வெள்ளைக்காரக் கம்பெனியின் கதவு மூடப்பட்டபோது, ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள், விதவைகள், மிராசுதார்கள் என்று எத்தனையோ பேரின் ஆயுள் சேமிப்பு உள்ளே அகப்பட்டுக்கொண்டது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. போனவர்களுக்குப் போனது போனதுதான். அந்தக் காயத்திலிருந்து வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்களின் முயற்சியால் 1907 ஆகஸ்டு 15-ல் இந்தியன் பாங்கு பிறந்தது என்பது ஒரு ஆறுதல்.

வெள்ளைக்காரக் கம்பெனிதான் அப்படி என்று நினைக்கவும் இடமில்லை. 1872-ல் தொடங்கியதாகச் சொன்னேனே, அந்த மயிலாப்பூர் நிதியின் விஷயத்திலேயே, வைத்த பணம் திரும்பி வரவில்லை என்று 2024-ல் முதியவர்கள் போலீசில் புகார் கொடுக்க நேர்ந்தது. சேமிப்பைக் கரைத்துவிட்டு நிற்கிற பாங்கைச் சரித்திரம் பல முறை பார்த்திருக்கிறது. ஆனால் அசலில் வரவு வைத்த ரூபாய் அப்படிக் கரைந்து போகாது. அது அன்றைக்கே தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

சர்க்காரும் தன் பங்குக்கு ஒரு முறை கத்தியை எடுத்தது. 1938-ல் ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது விவசாயிகளின் கடன் நிவாரணச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. வாங்கிய அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால், கடன் முழுவதும் தீர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று அது விதித்தது. வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்ற பழைய தர்மசாஸ்திர நியாயத்தின் சாயல் அதில் உண்டு. பத்து வருஷம் கழித்துக் கடன் வாங்கிய ஆரம்பப் பள்ளி வாத்தியாருக்கு அந்தச் சட்டத்தால் பயன் இல்லை.

*

சத்திரத்துச் சங்கங்கள் கண்டுபிடித்த வழியை எல்லாரும் உடனே பின்பற்றிவிடவில்லை. பணக்கார நாடான அமெரிக்காவிலேயே 1920-களில் பாங்குகள் கொடுத்த வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை பழைய வழியில்தான் இருந்தன. மூன்று முதல் ஐந்து வருஷத்துக்குக் கடன். அதுவரை வட்டி மட்டும் கட்டினால் போதும். கெடு வந்ததும் அசலை மொத்தமாகக் கொடு. இல்லாவிட்டால் கடனைப் புதுப்பித்துக்கொள். நல்ல காலத்தில் எல்லாரும் புதுப்பித்துக்கொண்டே போனார்கள். மாதம் தவறாமல் வட்டி கட்டுகிறோம் என்று, என் தகப்பனாரைப் போல, பெருமையும் பட்டிருப்பார்கள்.

1929-ல் பங்குச் சந்தை விழுந்தது. பாங்குகள் மூடின. கடனைப் புதுப்பித்துக் கொடுக்க ஆள் இல்லை. 1933-ல் நாள் ஒன்றுக்குச் சுமார் ஆயிரம் வீடுகள் கடனுக்காகப் பறிமுதலாகிக்கொண்டிருந்தன. அந்த வருஷம் ஜூன் மாதத்தில் ரூஸ்வெல்ட் சர்க்கார், வீட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கடன் கொடுக்கும் கார்ப்பரேஷன் ஒன்றை ஏற்படுத்தியது. அது சுமார் பத்து லட்சம் கடன்களை வாங்கி, அவற்றின் உருவத்தையே மாற்றியது. 5 சதவீத வட்டி, 15 வருஷம், ஒவ்வொரு மாதமும் வட்டியோடு அசலும். காம்லி ரிச் சங்கத்தின் முறைதான், நாடு அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அப்படியும் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் வீட்டை இழந்தன. மற்றவர்கள் தப்பினார்கள். 1951-ல் கணக்கை மூடும்போது அந்த ஸ்தாபனம் சிறிது லாபமே காட்டியது.

அசலைக் கழிக்க வழி பிறந்தது. கெடுவுக்கு முன்னால் கழிக்க? அதற்கும் ஒரு வழக்கு உண்டு. லண்டனில் ஒரு கட்டிடக் கம்பெனி 1931-ல் 3,10,000 பவுன் கடன் வாங்கியது. வருஷத்துக்கு இரண்டு தவணையாக 40 வருஷத்தில் அடைக்க வேண்டும். வட்டி ஐந்தே கால் சதவீதம். சில வருஷத்தில் ஊரில் வட்டி விகிதம் இறங்கிற்று. "மொத்தக் கடனையும் இப்போதே கட்டிவிடுகிறோம், ஈட்டை விடுவியுங்கள்" என்று கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 1939-ல் அப்பீல் கோர்ட்டு கையை விரித்துவிட்டது. நாற்பது வருஷம் என்று கையெழுத்துப் போட்டால் நாற்பது வருஷம்தான்! பணம் கொடுக்காதவனைக் கோர்ட்டுக்கு இழுப்பதைக் கேட்டிருக்கிறோம். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு "வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சித் தோற்றவர்களும் உண்டு.

நம் நாட்டில், மாதச் சம்பளக்காரர்கள் ஓய்வு பெற்ற பணத்தில்தான் வீடு கட்டுவார்கள் என்றிருந்த நிலையை, 1977-ல் எச்.டி. பாரேக் தொடங்கிய வீட்டுக் கடன் நிறுவனம் மாற்றத் தொடங்கியது. அதன் பிறகும் வெகுகாலம், முன்கூட்டியே கடனை அடைக்கிறவர்களிடம் அபராதம் வாங்கும் வழக்கம் இருந்தது. 2012-ல்தான், மாறும் வட்டியில் தனி நபர்கள் வாங்கிய வீட்டுக் கடனுக்குப் பாங்குகள் இந்த அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. என் தாயார் 300 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட உரிமை அதுதான்.

இந்த உரிமையின் விலை என்ன என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். 30 லட்ச ரூபாய், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 26,992 ரூபாய். முதல் மாதத் தவணையில் 22,500 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் சேர்வது 4,492 ரூபாய்தான். அசலில் பாதி தீர்வதற்குப் பதினான்கு வருஷம் ஆகிறது! ஆனால் இதே குடும்பம் வருஷ முடிவில் ஒரே ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டினால், 20 வருஷக் கடன் பதினாறரை வருஷத்தில் தீர்ந்துவிடும். மிச்சமாவது ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. தீபாவளி போனஸ் வருகிற மாதத்தில் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. வீட்டில் நோய் நொடிக்கென்று சில மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே வைத்த பிறகு, என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையைக் காலியாக்கிக்கொண்டு அசலை அடைத்தவன், மறுபடி அதிக வட்டிக்குக் கைம்மாற்று வாங்க வேண்டியிருக்கும்.

*

எங்கள் வீட்டுக் கதைக்குத் திரும்புகிறேன்.

1959-ல் பக்கத்து ஊர்க் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில், அசலும் வட்டியுமாகத் தவணை கட்டும் கடன் கிடைக்கும் என்று அம்மா கேள்விப்பட்டாள். 1,500 ரூபாய்க்கு 9 சதவீத வட்டி, 60 மாதம், மாதம் 31 ரூபாய்ச் சொச்சம். அப்பா பயந்தார். "பதினைந்துக்கே மூச்சு முட்டுகிறது. முப்பத்தொன்றுக்கு எங்கே போவது?" என்றார்.

"இந்தப் பதினோரு வருஷத்தில் எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள்? கணக்குப் போடுங்கள்" என்றாள் அம்மா.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்த அப்பா, அந்தக் கணக்கை மட்டும் அதுவரை போட்டதே இல்லை. சிலேட்டில் போட்டார். 1,980 ரூபாய். அசல் 1,500 அப்படியே இருந்தது. சிலேட்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துடைக்காமலே எழுந்து போனார். மறுநாள் பக்கத்து ஊருக்குப் புறப்பட்டார்.

அப்பா மாலையில் இரண்டு வீட்டில் ட்யூஷன் எடுத்தார். அம்மா இன்னொரு மாடு வளர்த்தாள். எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் தயிர் என்பது பார்க்கும் பொருள். மோர்தான் உண்ணும் பொருள். தவணை 31 சொச்சத்தோடு அம்மா மாதா மாதம் ஐந்து ரூபாய் சேர்த்துக் கொடுத்து அனுப்புவாள். சங்கத்துக் குமாஸ்தா அதை மறு பேச்சில்லாமல் அசலில் வரவு வைத்து, பாஸ் புத்தகத்தில் எழுதிக் கொடுப்பார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகத்தில் கடைசி இலக்கம் சென்ற மாதத்தை விடச் சின்னதாக இருக்கிறதா என்று என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். சின்னதாகத்தான் இருக்கும். ஒரு மாதமும் அது ஏமாற்றவில்லை.

அறுபது மாதக் கடன் ஐம்பது மாதத்தில் தீர்ந்தது. கொடுத்தது மொத்தம் சுமார் 1,800 ரூபாய். முன்பு பதினோரு வருஷத்தில் 1,980 ரூபாய் கொடுத்தும் ஒரு செங்கல் கூட எங்களுக்குத் திரும்பவில்லை. அதைவிடக் குறைந்த தொகைக்கு இப்போது முழு வீடும் வந்துவிட்டது.

அமெரிக்காவில் கடைசித் தவணை கட்டியதும் உற்றார் உறவினரைக் கூப்பிட்டு, அடமானப் பத்திரத்தைக் கொளுத்தி விருந்து வைக்கும் வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அப்பா பத்திரத்தைக் கொண்டு வந்து தகரப் பெட்டியில் ஜாதகங்களுக்குக் கீழே வைத்தார். அம்மா பெட்டியைத் திறந்து ஒரு தரம் பார்த்துவிட்டு மூடினாள்.

அடுத்த மாதம் முதல் தேதி அப்பா சம்பளத்தோடு நேராக வீட்டுக்கு வந்தார். எங்கும் நிற்காமல் வந்த முதல் சம்பளம் அது. அம்மா அதிலிருந்து 36 ரூபாயை எண்ணி எடுத்துத் தனியே வைத்தாள்.

"இன்னும் எதற்கு? கடன்தான் தீர்ந்துவிட்டதே!" என்றார் அப்பா.

"கையிலிருந்து போய்ப் பழகிவிட்டது. பழக்கத்தை ஏன் விட வேண்டும்?" என்றாள் அம்மா.

நான் காலேஜில் படித்தது அந்தப் பணத்தில்தான்.